கிருபைக்கு நிபந்தனை உண்டா? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது பெரியவர்கள் கேட்பார்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும்போது அதில் தனி அவசரம் இருக்கும். கடவுள் தமது கிருபையைச் சும்மா கொடுக்கிறாரா, நம்மிடம் ஏதாவது பார்த்துக் கொடுக்கிறாரா என்பதுதான் எல்லாருடைய சந்தேகமும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். மற்ற சபைகள் போதிப்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

1. கிருபைன்னா இன்னாங்க? ஆசீர்வாதம்னு சொல்றோமே, ரெண்டும் ஒண்ணுதானா?

தகுதி இல்லாதவருக்குக் கடவுள் தாமாக முன்வந்து காட்டும் தயவுதான் கிருபை. ஆசீர்வாதம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது கைக்கு வந்து சேர்வதை: வேலை, பிள்ளைப்பேறு, சுகம். வேலை கிடைத்ததும் "கர்த்தருடைய கிருபை" என்று சாட்சி சொல்வதில் தப்பில்லை. ஆனால் கிருபை என்றாலே அதுதான் என்று பழகிவிட்டால், வேலை போன அன்று கிருபையும் போய்விட்டதாகத் தோன்றும். அப்படித் தோன்றிச் சோர்ந்துபோன பலரோடு பேசியிருக்கிறேன்.

தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் என்று மத்தேயு 5:45 சொல்கிறது. மழையும் வெயிலும் எல்லாருக்கும் கிடைப்பதை இறையியலார் பொதுக் கிருபை என்பார்கள். பாவியை மன்னித்துத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும் கிருபை வேறு. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

2. நெஜமாவே சும்மா குடுக்கறாரா? ஒரு கண்டிஷனும் இல்லியா?

கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனையும் இல்லை. கொடுத்த பிறகு அவர் எதிர்பார்ப்பது உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

"பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்று நம் ஊரில் சொல்வார்கள். அப்போஸ்தலன் பவுல் வாழ்ந்த ரோமச் சமுதாயத்திலும் இதே புத்திதான்: கொடுப்பவர் ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும், தகுதி இல்லாதவருக்குக் கொடுப்பது கொடையை வீணாக்குவது. அந்த உலகத்தில் நின்றுகொண்டு பவுல் எழுதுகிறார்: "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" (ரோமர் 5:8). திருந்திய பிறகு என்றோ, திருந்துவோம் என்று உறுதி கொடுத்த பிறகு என்றோ அங்கே இல்லை. அவர் அனுபவமும் அதுதான். விசுவாசிகளைக் கட்டி இழுத்துவரக் கடிதம் வாங்கிக்கொண்டு தமஸ்குவுக்குப் போகிற வழியில்தான் அவர் அழைக்கப்பட்டார்.

அதே பவுல்தான் தீத்து 2:11-12-இல், கிருபையானது அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு நடக்க நமக்குப் போதிக்கிறது என்கிறார். கிருபை வந்த இடத்தில் நடத்தை மாற வேண்டும் என்று கடவுள் எதிர்பார்க்கிறார். அதைக் கிருபையின் விலை என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

3. விசுவாசிச்சாதான் இரட்சிப்புன்னு பைபிள்லயே இருக்கே. அது கண்டிஷன் இல்லாம வேற இன்னா?

நியாயமான கேள்வி. எபேசியர் 2:8 சொல்வது இது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." கிருபையினால் என்பது காரணம். விசுவாசத்தைக்கொண்டு என்பது வாங்கிக்கொள்ளும் வழி. கொடுப்பதை வாங்கக் கை நீட்டுகிறவன் அதற்குக் கூலி கேட்க முடியாது.

அந்தக் கையை நீட்டுவதாவது நம் சொந்த முயற்சியா என்று அடுத்த கேள்வி வரும். பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் தொடக்கத்தில் ஆம் என்று நினைத்தார். பிறகு, "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்ற 1 கொரிந்தியர் 4:7 அவரை மாற்றியது. மனிதன் தன் பலத்திலேயே நன்மையைத் தேர்ந்துகொள்ள முடியும் என்ற பெலாகியுவின் போதனை 418-இல் கார்த்தேஜில் கண்டிக்கப்பட்டது. விசுவாசத்தின் தொடக்கம்கூடக் கிருபையால்தான் என்று 529-இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் (திருச்சபைத் தலைவர்களின் பேரவை) தீர்மானித்தது. அப்போது கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பிரிவே கிடையாது. ஆகவே இது இரு தரப்புக்கும் பொதுச் சொத்து.

"எனக்குப் போதுமான விசுவாசம் இல்லை" என்று தன்னையே அளந்து அளந்து வாடுகிறவர்களுக்கு மாற்கு 9:24-ஐக் காட்டுவேன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனிடம், முழு விசுவாசத்தோடு திரும்பி வா என்று இயேசு சொல்லவில்லை. பிள்ளையை அப்போதே சுகமாக்கினார்.

4. சந்தா பாக்கி இருந்தா நற்கருணை கெடையாதுன்னு ஒரு சபையில சொல்லிட்டாங்க அங்கிள். பணம் கட்டினாதான் கிருபையா?

இல்லை. சந்தா சபை அங்கத்தினர் நிர்வாகத்துக்கானது. ஆயர் சம்பளம், கோயில் மின்கட்டணம், கல்லறைத் தோட்டப் பராமரிப்பு எல்லாம் அதிலிருந்துதான் நடக்க வேண்டும். பாக்கி இருந்தால் சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை என்று விதி வைப்பது சங்க நடைமுறை, அதில் எனக்குப் புகார் இல்லை.

திருவிருந்து மேசை வேறு. சந்தா அட்டையில் மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும்; பணம் கட்டினால் பொருளாளர் அதில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். மேசைக்கு முன்னால் மண்டியிடுகிறவரிடம் அந்த அட்டையைக் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டு, ஏழைகள் பசியாக நின்றார்கள். அதைத்தான் பவுல் 1 கொரிந்தியர் 11-இல், தேவனுடைய சபையை அசட்டைபண்ணுவதாகச் சொல்லிக் கண்டிக்கிறார். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் ஆயரிடம் நேராகப் பேசுங்கள். கட்ட முடியாதவர்களுக்காகச் சந்தாவைத் தள்ளுபடி செய்யும் சபைகளும் இங்கே உண்டு.

5. டிவியில ஒரு பாஸ்டர் 'விதைச்சாதான் அறுக்கலாம், காணிக்கை குடுத்தா கிருபை பெருகும்'னாரு. சரியா?

தவறு. இதில் நெளிவு சுளிவு வேண்டாம். பணம் கொடுத்து வரத்தை வாங்கப் பார்த்த சீமோனிடம் பேதுரு சொன்னது அப்போஸ்தலர் 8:20-இல் இருக்கிறது: "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது."

காணிக்கையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தவர். ஆனால் 2 கொரிந்தியர் 8-இல் அவர் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: ஐசுவரியமுள்ள கிறிஸ்து உங்களுக்காகத் தரித்திரரானார், அந்தக் கிருபையை அறிந்திருக்கிறீர்கள், ஆகவே கொடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை அதன் விலைக்குச் சம்பந்தமே இல்லாத தொகைக்குக் கேட்டு எடுத்து, மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சந்தோஷத்தில் செய்தால் அது நல்ல பண்டிகை. அடுத்த வருஷ விளைச்சலுக்கு முன்பணம் கட்டுவதாக நினைத்தால் அது சீமோனின் கணக்கு.

6. புள்ளை பொழைச்சா வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு பொருத்தனை பண்ணேன். மூட்டு வலியில போக முடியல. கடவுள் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாரா?

எடுக்கமாட்டார். பிள்ளை பிழைத்தது நீங்கள் நடப்பதாகச் சொன்னதற்குக் கூலி அல்ல. பொருத்தனை நன்றியின் வாக்கு. செய்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று உபாகமம் 23:21 சொல்கிறது. பொருத்தனையே பண்ணாதிருந்தால் உன்மேல் பாவமில்லை என்று அடுத்த வசனமே சொல்கிறது. அதாவது கடவுள் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

கத்தோலிக்கராக இருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தக்க காரணத்துக்காக விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. பஸ்ஸில் போய் வரலாம், சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கே போகலாம் என்று அவரே வழி சொல்வார். மற்ற சபையினர் தங்கள் ஆயரிடம் பேசி, அந்த நன்றியை முடிந்த வேறு விதத்தில் செலுத்தலாம். பயந்துகொண்டு தூக்கம் கெட வேண்டாம்.

7. எல்லாம் சும்மாதான்னா, இஷ்டத்துக்குப் பாவம் பண்ணிட்டு மன்னிப்பு கேட்டா போச்சு இல்ல?

வகுப்பில் எந்தப் பையனாவது இதைக் கேட்டால் எனக்குத் திருப்திதான், ஏனென்றால் கேள்வி 2-இன் பதில் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பவுலுக்கும் இதே கேள்வி வந்தது: "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே." கிருபைக்கு நிபந்தனை வைத்துப் பிரசங்கித்திருந்தால் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர் பதில் தண்டனையைக் காட்டி மிரட்டுவதல்ல. ஞானஸ்நானத்தில் பழைய மனுஷன் கிறிஸ்துவோடு செத்தான், செத்தவன் பழைய எஜமானிடம் எப்படி வேலைக்குப் போவான் என்கிறார். 1563-இல் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் வினாவிடை மூன்று பகுதியாக இருக்கும்: மனிதனின் துயரம், அவனுடைய மீட்பு, அவன் செலுத்தும் நன்றி. பத்துக் கட்டளைகளை அது மூன்றாம் பகுதியில்தான் விளக்குகிறது. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் போதகராயிருந்த போன்ஹாஃபர், மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று சாடினார். 1945-இல் நாசிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரும் கிருபை இலவசம் என்று நம்பியவர்தான்.

8. பவுல் கிரியை வேணாங்கறாரு, யாக்கோபு கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுங்கறாரு. யாரை நம்பறது?

இருவரையும். கிரியையைக் காட்டிக் கடவுளிடம் உரிமை கேட்பவரிடம் பவுல் பேசுகிறார். வாயால் விசுவாசம் சொல்லிவிட்டு, உடுத்த இல்லாத சகோதரனைச் "சமாதானத்தோடே போ" என்று அனுப்புகிறவரிடம் யாக்கோபு பேசுகிறார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல் நிருபம்' என்று 1522-இல் எழுதினார். அது அவருடைய அவசரம் என்பது என் கருத்து. விசுவாசம் வேர் பிடித்ததா என்று யாக்கோபு பார்க்கச் சொல்வது, கேள்வி 2-இல் சொன்ன "கொடுத்த பிறகு எதிர்பார்ப்பது" என்ற பகுதியைத்தான்.

9. எங்க பாட்டன் பஞ்சத்துல கஞ்சிக்காக வேதத்துக்கு வந்தவராம். சொந்தக்காரங்க இன்னும் குத்திக் காட்றாங்க. அப்படி வந்தவங்களுக்குக் கிருபை உண்டா?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடும் சிக்கியது. பஞ்சத்தின்போதும் அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தெருவாக, ஊராகச் சபைகளில் சேர்ந்தார்கள். அதை 'அரிசிக் கிறிஸ்தவம்' என்று கேலி செய்வது அன்றே உண்டு. கேலி செய்கிறவர் ஒரு நிபந்தனையை ஒளித்து வைத்திருக்கிறார்: கடவுளிடம் வருகிறவன் நிறைந்த வயிற்றோடு, தூய நோக்கத்தோடு வர வேண்டும்.

லூக்கா 15-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். இளைய மகன் ஏன் வீட்டுக்குத் திரும்பினான்? அப்பாவின் மனம் நோகுமே என்று அல்ல. "என் தகப்பனுடைய கூலிக்காரர் எத்தனையோ பேருக்குப் பூர்த்தியான சாப்பாடு இருக்கிறது, நானோ பசியினால் சாகிறேன்" என்றுதான் எழுந்தான். சோற்றுக்காக வந்தவன். மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்புப் பேச்சை முடிக்கும் முன்பே அப்பா வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். ஏன் வந்தாய் என்ற விசாரணை அந்தக் கதையில் எங்கும் கிடையாது. கணக்குக் கேட்கிறவன் மூத்த மகன் ஒருவன்தான்.

பசி மட்டுமே அவர்களைக் கொண்டுவந்தது என்பதும் முழு உண்மையல்ல. குளத்தில் தண்ணீர் எடுக்க விடாத ஊரில், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், பெயர் சொல்லிக் கூப்பிடும் மரியாதையும், சாமி முன்னால் நிற்க ஓர் இடமும் கிடைத்தன. அதைத் தேடி வந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியது, அந்தச் சபைகளுக்குள்ளேயே பிறகும் சாதி பார்த்துக் கல்யாணம் பேசுகிற, சாதி பார்த்து ஓட்டுப் போடுகிற நாம். கிருபை கேட்காத நிபந்தனையை நாம் கேட்கிறோம். பாட்டனைக் குத்திக் காட்டுகிறவர்களிடம் லூக்கா 15:17-ஐ வாசித்துக் காட்டுங்கள்.

10. வாழ்நாள் பூரா அக்கிரமம் பண்ணிட்டு, சாவற நேரத்துல மனம் திரும்பினவனுக்கும் அதே பரலோகமா? நான் அறுபது வருஷமா கோயிலுக்குப் போறேன்.

அதே பரலோகம்தான், அம்மா. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மனம் திரும்பிய கள்ளனுக்கு ஞானஸ்நானம்கூட எடுக்க நேரமில்லை. மத்தேயு 20-இல் இயேசு சொன்ன கதையில், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழு நாள் கூலி. அறுபது வருஷம் ஆண்டவரோடு நடந்தது உங்களுக்கு நஷ்டமாக இருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் இழந்தது அதைத்தான்.

11. மூணு மாசமா சி.எம்.சி.யில இருக்கோம். சபையே ஜெபிக்குது. சுகம் வரல. எங்களுக்குக் கிருபை இல்லியா, இல்ல விசுவாசம் பத்தலையா?

இரண்டும் இல்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:9). சுகம் கிடைக்காத அதே நேரத்தில் கிருபை இருந்தது என்று இந்த வசனம் சொல்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வீட்டில் ஏதோ அறிக்கை செய்யாத பாவம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைத் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள். கடைசியில் கடவுள் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார்.

12. ஆம்பூர்ல லுத்தரன், சேத்துப்பட்டுல கத்தோலிக்கம், இங்க சி.எஸ்.ஐ., தெருவுக்குத் தெரு பெந்தெகொஸ்தே. யார் சொல்றது சரி பிரதர்?

முதல் கிருபை இலவசம் என்பதில் எல்லாரும் ஒன்று. கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்று போதிப்பதாக நம் பக்கத்தில் பலர் இன்னும் சொல்கிறார்கள், அது சரியல்ல. 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் வெளியிட்ட தீர்மானமே, நீதிமானாக்கப்படுவதற்கு (கடவுள் மன்னித்து ஏற்பதற்கு) முன்னால் வரும் விசுவாசமோ கிரியையோ அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்கிறது. வித்தியாசம் அடுத்த படியில் வருகிறது. அந்தக் கிருபை மனிதனுக்குள் ஊற்றப்பட்டு, அவன் ஒத்துழைப்பால் வளர்கிறது, அவன் நற்செயலுக்குப் பேறுபலன் (கடவுள் தரும் பரிசு) உண்டு என்பது கத்தோலிக்கப் போதனை. நீதி நமக்கு வெளியே கிறிஸ்துவினுடையதாகவே இருந்து நம் கணக்கில் எண்ணப்படுகிறது என்பது லூத்தரின் போதனை. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை, கிருபை எல்லாருக்கும் நீட்டப்படுகிறது, மனிதன் மறுக்கவும் முடியும் என்பார்கள்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் இதுபற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம் என்று அதில் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் சேர்ந்தன. அமெரிக்காவின் மிசௌரி சினாட் லுத்தரன் சபை ஏற்கவில்லை. ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் சபைகள் அந்த மிஷனிலிருந்து வந்தவை என்பதால், அங்கே இதைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்.

13. நம்ம வேலூர் சபையே கால்வின் வழின்னு சொல்றாங்க. அப்போ கடவுள் முன்னாடியே ஆள் குறிச்சு வச்சுட்டாரா?

வேர், 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் வழிதான். 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்காவிலிருந்த டச்சு சீர்திருத்த சபையைச் சேர்ந்தது. 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கத்தின் தீர்மானங்கள் அந்தச் சபைக்கு விசுவாசப் பிரமாணம். இவன் விசுவாசிப்பான் என்று முன்கூட்டிப் பார்த்துக் கடவுள் தெரிந்துகொள்ளவில்லை, தெரிந்துகொண்டதால்தான் விசுவாசம் பிறக்கிறது என்று டோர்ட் சொல்கிறது. நிபந்தனையற்ற கிருபை என்பதை இதைவிடக் கறாராகச் சொன்னவர்கள் இல்லை.

சிக்கலும் இங்கேயே பிறக்கிறது. நம்மிடம் எதையும் பார்க்காமல் கொடுக்கிறார், எல்லாருக்கும் இரட்சிப்பு இல்லை என்றால், இவனுக்கு ஏன், அவனுக்கு ஏன் இல்லை? இதைத் தாங்க முடியாமல்தான் டச்சு இறையியலார் அர்மீனியுவின் சீடர்கள் 1610-இல், விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்தவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்றார்கள். அப்படிச் சொன்னால் கேள்வி 3 மறுபடி வாசலில் நிற்கும்: விசுவாசம் நிபந்தனையாகிவிடுகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நடுவே ஒரு வழி பார்த்தார். கிருபை எல்லாரிடமும் முன்னதாகவே போய், பதில் சொல்லும் திராணியைத் திருப்பித் தருகிறது, பிறகு ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கையில் என்றார். டோர்ட் வழியில் கடவுளின் நீதி பற்றிய கேள்வி பாரமாகிறது, மற்ற வழிகளில் இரட்சிப்பின் கடைசி முடிச்சு மனிதன் கைக்கு வருகிறது. எந்தப் பாரம் இலேசானது என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இந்த வாக்குத்தத்தத்தை வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்று அதே டோர்ட் கட்டளையிடுகிறது. அந்தப் பாரம்பரியத்தில் வந்த ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே கட்டிலோடு வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். ஊழியங்கொள்வதற்கல்ல, ஊழியஞ்செய்வதற்கே என்பது அதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி.க்கு இன்றும் குறிக்கோள். ஆற்காடு மிஷன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகளோடு சி.எஸ்.ஐ.யிலும் கலந்தன. டோர்ட்டின் வாரிசும் வெஸ்லியின் வாரிசும் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். டோர்ட் தீர்மானத்தில் கையெழுத்துப் போடும்படி சி.எஸ்.ஐ. யாரையும் கேட்பதில்லை. கடவுள் தம் விருப்பப்படி தெரிந்துகொள்வதைப் பேசும் ரோமர் 9-ஐ நான் படிக்கும்போது 11-ஆம் அதிகாரம் வரை நிறுத்தாமல் படிப்பேன். "எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக" என்று 11:32-இல் அந்த வாதம் போய்ச் சேர்கிறது. அந்த வசனத்தை விட்டுவிட்டு 9-ஆம் அதிகாரத்தை மட்டும் பிரசங்கிப்பது நியாயமில்லை.

14. ஒரு தடவை கிடைச்ச கிருபை கைவிட்டுப் போவுமா?

டோர்ட் வழியினர், தேவன் தொடங்கியதை அவரே முடிப்பார், உண்மையாய்ப் பெற்றவன் முற்றிலும் விழமாட்டான் என்பார்கள் (பிலிப்பியர் 1:6). வெஸ்லி வழியினரும் பெந்தெகொஸ்தே சபையினர் பலரும் எபிரெயர் 6:4-6-ஐக் காட்டி, விழ முடியும் என்று எச்சரிப்பார்கள். சாவான பாவத்தில் அருள்நிலையை இழக்கலாம், ஒப்புரவு அருட்சாதனத்தில் (குருவிடம் பாவ அறிக்கை செய்து) மீண்டும் பெறலாம் என்பது கத்தோலிக்கப் போதனை.

பயந்து கேட்பவருக்கும் அலட்சியமாகக் கேட்பவருக்கும் ஒரே வசனத்தைக் கொடுக்கக் கூடாது என்பது என் அனுபவம். எபிரெயர் 6 அலட்சியக்காரருக்கு. "இழந்துவிட்டேனோ" என்று அழுகிறவருக்கு யோவான் 6:37: "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை."

15. நான் சோளிங்கர்க்காரன், வைஷ்ணவன். உங்க சண்டை எங்க வடகலை தென்கலை பேச்சு மாதிரியே இருக்கே?

ஆம், ஐயா, நெருங்கிய ஒற்றுமை உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விப் போகிறது. மர்க்கட நியாயம் வடகலைக்கு, மார்ஜார நியாயம் தென்கலைக்கு. வேதாந்த தேசிகர் சரணாகதியை ஒரு வியாஜமாக, அதாவது ஒரு சாக்காகவாவது, கேட்கிறார். பிள்ளை லோகாசார்யர் பெருமாளின் கிருபைக்குக் காரணமே தேட வேண்டாம் என்கிறார். டோர்ட்டையும் வெஸ்லியையும் புரிந்துகொள்ள, தமிழ் வைஷ்ணவருக்கு எங்களைவிடக் குறைந்த நேரம் பிடிக்கும். சைவத்திலும் "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார்.

வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்கிறேன். கிறிஸ்தவம் கிருபையை ஒரு சம்பவத்தில் கட்டுகிறது: பொந்தியு பிலாத்துவின் காலத்தில் நடந்த ஒரு சிலுவை மரணமும் உயிர்த்தெழுதலும். எங்களுக்குக் கிருபை இலவசம் என்றால், கொடுத்தவருக்கு விலையில்லாமல் வந்தது என்று அர்த்தமில்லை.

16. எங்கண்ணன் என் பங்கு நெலத்தையும் ஏமாத்தி எழுதிக்கிட்டான். நான் மன்னிக்கலைன்னா கடவுள் என்னை மன்னிக்கமாட்டாராமே. இது கண்டிஷன்தானே சார்?

இருப்பதிலேயே கடினமான கேள்வி இது. "மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால், உங்கள் பிதா உங்கள் தப்பிதங்களையும் மன்னியாதிருப்பார்" என்று மத்தேயு 6:15 சொல்கிறது. வார்த்தைக்கு வார்த்தை நிபந்தனை மாதிரிதான் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. ஆனால் இயேசு இதையே மத்தேயு 18-இல் கதையாகச் சொல்லும்போது வரிசை தெரிகிறது. ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி என்றால் மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. அவன் கேட்டது தவணை மட்டும். ராஜா கடனையே தள்ளிவிடுகிறார், அப்போது எந்த நிபந்தனையும் போடவில்லை. வெளியே வந்தவன் நூறு நாள் கூலி கடன்பட்ட உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அதன் பிறகுதான் ராஜா கோபப்படுகிறார்.

ஆக, மன்னித்தால்தான் மன்னிப்பைத் தொடங்குவேன் என்று கடவுள் காத்திருக்கவில்லை. அவர் மன்னிப்பு முந்திவிட்டது. அதை வாங்கிக்கொண்டவன் பிறன் கழுத்தை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், வாங்கியதையே வேண்டாம் என்கிறான். "விடமாட்டேன்" என்பவனையும் "விட முடியவில்லையே" என்று தவிப்பவனையும் ஒன்றாக எண்ணாதீர்கள். நீங்கள் இரண்டாமவர், இல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

மன்னிப்பது என்றால் நிலத்தை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தமில்லை. சபைப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கப் பாருங்கள், 1 கொரிந்தியர் 6 அதைத்தான் விரும்புகிறது. முடியாவிட்டால் சத்துவாச்சாரி கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்திக்கொண்டே அண்ணனுக்குக் கேடு நினைக்காமல் இருக்கலாம். அடிக்கிற புருஷனை மன்னித்த பெண் அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. மன்னிப்பைக் காரணம் காட்டி அவளை அனுப்பி வைக்கிற பெரியவர்கள் இந்த வசனத்தைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்.

17. எங்க மாமியார் ரொம்ப நல்லவங்க. ஜெபத்துக்குப் பக்கத்துல உட்காருவாங்க, ஆனா ஞானஸ்நானம் எடுக்கல. போயிட்டாங்க. அவங்களுக்குக் கிருபை இல்லைன்னு பாஸ்டர் சொல்றாரு.

அப்படித் தீர்ப்பு சொல்ல அந்தப் பாஸ்டருக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. கிறிஸ்துவாலன்றி இரட்சிப்பில்லை என்று சபைகள் பொதுவாகப் போதிக்கின்றன, நானும் அதை நம்புகிறேன். கிறிஸ்துவின் கிருபை எங்கே எட்டாது என்று எல்லை போடுவது வேறு விஷயம். தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது. சுவிசேஷகச் சபைகள் பல இதை ஏற்பதில்லை, வெளிப்படையான விசுவாசம் வேண்டும் என்பார்கள். உங்கள் மாமியார் நற்செய்தியைக் கேட்டவர், ஜெபத்தில் உட்கார்ந்தவர். வீட்டாருக்குப் பயந்து எடுக்காமல் விட்டாரா, உள்ளுக்குள் என்ன நினைத்தார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் தெரியும். கேள்வி 10-இல் சொன்ன கள்ளனும் ஞானஸ்நானம் எடுக்காதவன்தான். "சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டது (ஆதியாகமம் 18:25) அழிவு நெருங்கிய பாவ நகரமான சோதோமுக்காக.

அவருக்காக ஜெபிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கத்தோலிக்கர் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். சீர்திருத்த வழிச் சபைகளில் அந்தப் பழக்கம் இல்லை, அவருடைய வாழ்க்கைக்காக நன்றி சொல்லிக் குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டு ஜெபிப்பார்கள். அந்த நன்றி ஜெபத்தை வீட்டில் வைக்க உங்கள் ஆயரைக் கூப்பிடுங்கள், ஞானஸ்நானம் எடுக்காதவர் என்பது அதற்குத் தடையில்லை.